மம்மிக்குக் குங்கிலியம் பூசியது யார்?

சுத்தம் சோறு போடும் என்பார்கள். அதே சுத்தம் நாகலட்சுமியின் சோற்றில் மண்ணை அள்ளிப் போடப் பார்த்த கதை இது.

நாகலட்சுமி விருதுநகர்ப் பெண். படிக்க வந்து, பட்டம் வாங்கி, கல்யாணம் கட்டி, மல்கிரேவில் வீடும் வாங்கிப் பதினோரு வருடமாக மெல்போர்னில் இருக்கிறாள். வேலை ஒரு பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்தில். பழைய பொருள்களில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பானையின் அடியில் பிடித்திருப்பது நெய்யா மீன் எண்ணெயா, படத்தின் மேல் பூசியிருப்பது அரக்கா மெழுகா, எல்லாவற்றையும் கடுகளவு துணுக்கை வைத்துச் சொல்லிவிடுவாள். கெட்டிக்காரிதான். ஆனால் கெட்டிக்காரிகளுக்கும் ஒப்பந்தம் என்று ஒரு சனியன் உண்டே! அவளுடையது ஜூன் முப்பதோடு முடிகிறது. எட்டு வருடத்தில் இது ஐந்தாவது. ஒவ்வொரு முறையும் கடைசி மாதம் நெருங்கினால் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

இந்த முறை கரைக்கவில்லை. காரணம் ஒரு மம்மி.

சிட்னியில் ஓர் அருங்காட்சியகத்தில் எகிப்திய அம்மாள் ஒருத்தி படுத்திருக்கிறாள். செத்து இரண்டாயிரத்து அறுநூறு வருடம் ஆகிறது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயர் வேறு யாரோ ஓர் ஆணுடையது, ஆகையால் இவள் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. உடம்பைச் சுற்றிய துணியில் கறுப்பாக ஒரு பூச்சு. அது என்ன பூச்சு என்று பார்த்துச் சொல்லும்படி, மம்மிகளைப் பராமரிக்கும் ஜோன் என்ற பெண்மணி இரண்டு துணுக்குகளை அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றும் உளுத்தம்பருப்பில் பாதிகூட இருக்காது. இதற்கு மேல் கிடையாது என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். செத்தவளைச் சுரண்டிக்கொண்டே இருக்க முடியுமா என்ன? ஒரு துணுக்கை நாகலட்சுமி எடுத்துக்கொண்டாள். இன்னொன்றைப் பேராசிரியர் மார்கரெட் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

துணுக்கைக் கரைத்து ஓர் இயந்திரத்துக்குள் விட்டால், அது சூடாக்கி ஆவியாக்கி, முடியைவிட மெல்லிய ஒரு நீளக் குழாய்க்குள் ஓடவிடும். கலவையில் இருப்பது ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேரும். வந்தது யார் என்று திரையில் கோடு கோடாகக் காட்டும். மாட்டுக் கொழுப்பு வந்தது, தேன்மெழுகு வந்தது, ஏதோ ஒரு தாவர எண்ணெய் வந்தது, பைன் மரப் பிசின் வந்தது. எல்லாம் எகிப்தியர்கள் வழக்கமாகப் பூசுவதுதான். அதற்கும் பின்னால் வரிசையாக நாலைந்து கோடுகள் வந்தன பாருங்கள், நாகலட்சுமி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

குங்கிலியம்! இந்தியாவிலும் மலேசியாவிலும் காட்டு மரத்தில் வடிகிற பிசின். எகிப்துக்கும் அதற்கும் கடல் தாண்டிக் கடல். சில வருடங்களுக்கு முன் எகிப்தில் தோண்டியெடுத்த பதப்படுத்தும் பட்டறை ஒன்றில் இந்த மாதிரிக் கீழைநாட்டுப் பிசின் இருந்ததாக ஒரு குழு எழுதி, எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இப்போது ஓர் உடம்பிலேயே கிடைத்திருக்கிறது என்றால் சும்மாவா?

இந்த வேலையில் ஒரு சாங்கியம் உண்டு. மம்மித் துணுக்குக்கு என்னென்ன செய்கிறோமோ அதையெல்லாம் எதுவுமே இல்லாத ஒரு வெறுங்குப்பிக்கும் செய்ய வேண்டும். வெறுங்குப்பியில் கோடு வந்தால், வந்தது மம்மியிலிருந்து அல்ல, நம் கையிலிருந்தோ காற்றிலிருந்தோ என்று அர்த்தம். நாகலட்சுமி அதையும் செய்தாள். புதன்கிழமை வெறுங்குப்பி, வெள்ளிக்கிழமை மம்மி. வெறுங்குப்பி பளிங்குபோல் சுத்தமாக வந்தது.

மார்கரெட் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "மூன்று வாரத்தில் கட்டுரையை அனுப்பிவிடலாம். உன் ஒப்பந்தத்தை மூன்று வருடம் நீட்டச் சொல்லி எழுதுகிறேன். இனி நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே, நாகா" என்றார்.

வெளியே மூச்சு விடக் கூடாது என்று கணவன் பிரதீப்குமாரிடம் மட்டும் சொன்னாள். ஐடி வேலைக்காரன், நல்லவன், ஆனால் ஓட்டை வாய். அவன் ஒரே ஒருவரிடம் சொன்னான். அந்த ஒருவர் தென்கிழக்குத் தமிழ் மன்றத்தின் தலைவர் கோபாலகிருஷ்ணன் என்றால் அப்புறம் ஊருக்குத் தண்டோரா எதற்கு? முதல் வாட்ஸ்அப்பில் "மம்மியில் குங்கிலியம்" என்று கிளம்பியது. மூன்றாவது கை மாறுவதற்குள் "எகிப்தியனுக்குப் பதப்படுத்தக் கற்றுக்கொடுத்தவன் தமிழன்" என்று ஆயிற்று. சிட்னிப் பக்கம் கெல்லிவில்லில் இருக்கும் நாகலட்சுமியின் சித்தி மகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த மம்மியே பாண்டிய இளவரசியாகிவிட்டாள். மன்றத்தில் பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. சனிக்கிழமை மாலை ஐந்து மணி, ஹால், பேனர், பொன்னாடை, நூற்றைம்பது பேருக்கு மெதுவடை.

விழாவுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலை. நாகலட்சுமி எந்தக் குளிரிலும் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடமாட்டாள். மெல்போர்ன் ஜூனில் தலை காய்கிற லட்சணம் தெரிந்ததுதானே! அதற்குத்தான் சாம்பிராணி. வந்த புதிதில் ஹாலில் போட்டு, கூரையில் இருக்கும் புகை அலாரம் தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறி, பக்கத்து வீட்டுக் கிழவர் தீயணைப்புக் கருவியோடு ஓடி வந்துவிட்டார். அன்றிலிருந்து சாம்பிராணி கராஜில்தான். கீழே தணல் சட்டி, குனிந்த தலை, விரித்த முடி, கராஜ் முழுக்கப் புகை.

பிரதீப்குமார் காரை எடுக்க வந்தான். வந்ததும் இருமினான்.

"இது கராஜா கருவறையா? லட்சுமி, இனிமே என் சட்டைய இங்க காயப் போடாத. நேத்து மீட்டிங்ல பக்கத்துல இருந்த பொண்ணு, 'சர்ச்சுக்குப் போயிட்டு வர்றியா'ன்னு கேக்குது. ரெண்டு வாட்டி துவைச்சும் வாசனை போக மாட்டேங்குது."

"நல்ல வாசனைதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மழைக்காலமாயிற்றே, கொடி கராஜுக்குள்தான் கட்டியிருந்தது. கொடியில் அவனுடைய சட்டைகள் மூன்று. அவற்றுக்குப் பக்கத்தில், தணல் சட்டிக்கு நேர் மேலே, இரண்டு கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு அவளுடைய வெள்ளை ஆய்வகக் கோட்டு.

ஆய்வகக் கோட்டை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, ஆய்வகமே சலவைக்கு அனுப்பும். ஆனால் அந்தச் சலவையிலிருந்து வருகிற கோட்டில் காலரில் அழுக்கு அப்படியே இருக்கும். நாகலட்சுமிக்கு அது ஆகாது. வியாழக்கிழமைதோறும் பையில் சுருட்டிக்கொண்டு வந்து, கையாலேயே கசக்கித் துவைத்து, காயப் போட்டு, வெள்ளிக்கிழமை காலையில் மொடமொடவென்று மாட்டிக்கொண்டு போவாள். வெறுங்குப்பி ஓட்டிய புதன்கிழமை, பல நாள் போட்டுப் புகை ஆறிப்போன கோட்டு. மம்மியைத் தொட்ட வெள்ளிக்கிழமை, சாம்பிராணி குடித்த கோட்டு.

அலமாரியில் இருந்த பொடிப் பாக்கெட்டை எடுத்துத் திருப்பினாள். சாம்பிராணி, குங்கிலியம், வெட்டிவேர், மல்லிகை வாசனை என்று தெளிவாக எழுதியிருந்தது.

"என்னாச்சு?" என்றான் பிரதீப்குமார்.

"மம்மிக்குக் குங்கிலியம் பூசுனது யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"யாரு?"

"நான்தான்."

அவனுக்குப் புரியவில்லை. புரிய வைக்க அவளுக்கும் நேரமில்லை. கோட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஈரத் தலையோடு ஆய்வகத்துக்கு ஓடினாள். கோட்டின் கை ஓரத்தைக் கரைப்பானில் நனைத்த பஞ்சால் ஒற்றியெடுத்து இயந்திரத்துக்குக் கொடுத்தாள். முக்கால் மணி நேரம். இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று குலதெய்வம் வரைக்கும் வேண்டிக்கொண்டாள். குலதெய்வம் என்ன செய்யும்? அதே நாலைந்து கோடுகள், அதே வரிசையில், பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றன.

அதோடு விட்டதா? மூன்று வாரத்துக்கு முந்தைய மம்மிக் கோடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு குட்டிக் கோடு இருந்தது. அன்றைக்கு ஏதோ தூசி என்று தள்ளிவிட்டிருந்தாள். இன்றைக்கு நிதானமாகப் பார்த்தால், அது தொழிற்சாலையில் செய்கிற மல்லிகை வாசனை. உலகத்தில் அது வந்தே நூறு வருடம் ஆகவில்லை. எகிப்திய அம்மாள் எங்கே போய் அதை வாங்கியிருப்பாள்? குங்கிலியமும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான வருடம் கிடந்த பிசின் உருமாறிப் போயிருக்க வேண்டும். இதுவோ நேற்று இடித்த பொடியாட்டம் இருந்தது. ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன!

"மடச்சாம்பிராணி" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சும்மா இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். கோட்டைச் சலவைக்குப் போட்டுவிட்டால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. திங்கட்கிழமை கட்டுரை போய்விடும், மூன்று வருடம் கையில் நிற்கும், நாளைக்குப் பொன்னாடை வேறு. சொன்னால் ஜூன் முப்பதோடு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மிச்சமிருக்கும் துணுக்கையும் இனி அவள் கையில் எவன் கொடுப்பான்? இத்தனைக்கும் அவள் எதையும் இட்டுக்கட்டவில்லையே, கோடு வந்தது, வந்ததைச் சொன்னாள்!

ஆனால் இதை நம்பி எந்த ஊரிலோ ஒருத்தி எகிப்துக்கு வந்த குங்கிலியக் கப்பலை வருடக்கணக்காகத் தேடுவாள். அவளுக்கும் ஒப்பந்தம் முடிகிற தேதி ஒன்று இருக்கும். அந்த நினைப்பு வந்ததும் நாகலட்சுமிக்கு உட்கார முடியவில்லை. எழுந்து போய் மார்கரெட்டின் கதவைத் தட்டினாள்.

மார்கரெட் எல்லாவற்றையும் கேட்டார், இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "வெறுங்குப்பியை அதே நாளில் ஓட்ட வேண்டும் என்று முதல் வருட மாணவர்களுக்கு நீதான் சொல்லிக்கொடுக்கிறாய்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "ஜோனிடம் நீயே சொல். அது அவர்களுடைய மம்மி" என்றார்.

ஜோன் போனில் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். "சாம்பிராணி என்றால் என்ன?" என்று ஒரே ஒரு கேள்வி. அதற்கு நாகலட்சுமி பதில் சொன்னதும், "யோசிக்க வேண்டும். திங்கட்கிழமை கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிட்டார். அதில் கோபம் இருந்ததா இல்லையா என்றே நாகலட்சுமியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாயங்காலம் கோபாலகிருஷ்ணனுக்குப் போன் போட்டாள். "அங்கிள், விழா வேண்டாம் அங்கிள். அந்த ரிசல்ட் தப்பு."

"கூச்சப்படாதம்மா. வடைக்கு மாவு அரைச்சாச்சு. வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போ."

"அங்கிள், நான் சொல்றதக் கேளுங்க..."

"மேடையில சொல்லு, எல்லாரும் கேப்போம்" என்று வைத்துவிட்டார்.

சரி, மேடையிலேயே சொல்வோம் என்று போனாள். ஹால் நிரம்பியிருந்தது. "நைல் நதியில் நம் குங்கிலியம்" என்று பேனர். அதில் அவள் படம், பக்கத்தில் பிரமிடு, நடுவில் எதற்கென்றே தெரியாமல் ஒரு ஒட்டகம். கோபாலகிருஷ்ணன் இருபது நிமிடம் வரவேற்புரை ஆற்றினார். ஓய்வுபெற்ற பொறியாளர், பாலம் கட்டியவர், கடல் கடந்து பாலம் போடுவதற்குக் கேட்கவா வேண்டும்? கொற்கையிலிருந்து கெய்ரோவுக்கு வாயாலேயே ஒன்று கட்டி முடித்தார். பிறகு மைக்கை அவளிடம் கொடுத்தார்.

நாகலட்சுமி சுற்றி வளைக்கவில்லை. கோட்டு, கொடி, சாம்பிராணி, வெறுங்குப்பி, எல்லாவற்றையும் ஐந்தே நிமிடத்தில் சொல்லி, "அந்தக் குங்கிலியம் எகிப்துல பூசுனது இல்ல, மல்கிரேவ்ல என் கராஜ்ல போட்டது. தப்பு என்னோடது. எல்லாரும் மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டாள்.

முன்வரிசையில் இருந்த தேவராஜா அங்கிள் எழுந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மன்றத்தின் மூத்த உறுப்பினர்.

"பிள்ளை, நீர் பயப்பிடாதையும். ஆர் உம்மை வெருட்டினது? எங்களுக்குச் சொல்லும்."

அவ்வளவுதான், ஹால் பற்றிக்கொண்டது. "அதானே பாத்தேன், யுனிவர்சிட்டில அமுக்கப் பாக்குறாங்க!" என்றது ஒரு குரல். "வேலைக்கு உலை வெச்சிருவேன்னு சொல்லியிருப்பான்" என்றது இன்னொன்று. மலேசியாவிலிருந்து வந்த புஷ்பவல்லி ஆன்ட்டி, "எங்க பேராக் காட்டுல அந்தப் பிசின் நிறைய இருக்கு. இந்தியா இல்லன்னா எங்க ஊரானு பாத்துச் சொல்லுங்க" என்றார். மனுக் கொடுப்போம் என்று யாரோ கத்த, கை தட்டினார்கள். நாகலட்சுமிக்கு முன்னைவிட இருமடங்கு கைதட்டல். கோபாலகிருஷ்ணன் கண் கலங்கிப் பொன்னாடையை விரித்துக்கொண்டு அவள் பக்கம் வந்தார்.

நாகலட்சுமிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காமல், வேலையைப் பணயம் வைத்துச் சொன்ன உண்மை. அதை அவள் முகத்துக்கு முன்னாலேயே பொய்யாக்குகிறார்களே! பொன்னாடையைக் கையால் தடுத்தாள்.

"நில்லுங்க அங்கிள்! என்னை யாரும் மிரட்டல. நான் கண்டுபிடிச்சுட்டேன்னு வாட்ஸ்அப்ல வந்தப்ப ஒருத்தராவது ஆதாரம் கேட்டீங்களா? அப்படியே நம்புனீங்க. இப்ப தப்புன்னு நானே சொல்றேன், ஆதாரத்தோட சொல்றேன். இத மட்டும் ஏன் நம்ப மாட்டேங்கறீங்க? என் பேச்ச நம்புறதா இருந்தா முழுசா நம்புங்க. இல்லன்னா அந்தப் பேனர்ல இருந்து என் படத்த எடுத்துருங்க, ஒட்டகம் மட்டும் இருக்கட்டும்."

பின்வரிசையில் ஒரு குழந்தை வடை கேட்டு அழுதது.

கோபாலகிருஷ்ணன் விரித்த பொன்னாடையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு மைக் இல்லாமல், தணிந்த குரலில் கேட்டார். "அப்ப அந்தம்மாவுக்கு நெஜமா என்னதாம்மா பூசுனாங்க?"

அந்த மூன்று வாரத்தில் மன்றத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. நாகலட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"முழுசாத் தெரியாது அங்கிள். மறுபடி பாத்தாத்தான் தெரியும். பாக்க விடுவாங்களான்னும் தெரியாது."

"சரி. தெரிஞ்சதும் எனக்குச் சொல்லு." பொன்னாடை மடிந்து உறைக்குள் போயிற்று. வடை எல்லோருக்கும் கிடைத்தது, நன்றாகவும் இருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஜோன் கூப்பிட்டார். மார்கரெட் ஸ்பீக்கரில் போட்டார். நாகலட்சுமி சுவரோரம் நின்றாள். மிச்சமிருக்கும் துணுக்கு திரும்பி வர வேண்டும் என்பார், அல்லது வேறு ஆய்வகத்துக்குப் போகட்டும் என்பார். இரண்டுக்கும் மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் நின்றாள்.

"இரண்டாவது துணுக்கைச் சோதியுங்கள்" என்றார் ஜோன். "ஆனால் ஒரு நிபந்தனை. நாகலட்சுமிதான் செய்ய வேண்டும்."

மார்கரெட் புருவத்தை உயர்த்தினார். "ஏன் என்று கேட்கலாமா?"

"இருபத்திரண்டு வருடமாக எங்கள் மம்மிகளிலிருந்து துணுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பதினேழு ஆய்வகங்கள். தப்பு நடந்துவிட்டது என்று இதுவரை ஒருவரும் போன் செய்ததில்லை. பதினேழு இடத்தில் ஒருமுறைகூடத் தப்பு நடந்திருக்காது என்றா நினைக்கிறீர்கள்?"

நாகலட்சுமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். மார்கரெட் அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை புத்தம்புதுக் கோட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, வெறுங்குப்பியையும் மம்மித் துணுக்கையும் ஒரே நாளில், ஒரே கையால், அடுத்தடுத்து ஓட்டினாள். வெறுங்குப்பி சுத்தம். துணுக்கில் மாட்டுக் கொழுப்பு, தேன்மெழுகு, பைன் பிசின். போன தடவை பெயர் தெரியாமல் விட்ட எண்ணெயும் இந்த முறை பிடிபட்டது: விளக்கெண்ணெய். குங்கிலியம் மருந்துக்குக்கூட இல்லை. கட்டுரை சிறியதாகும், ஒப்பந்தமும் மூன்று வருடமாக இல்லாமல் ஒரு வருடம்தான் நீளும் என்றார் மார்கரெட். ஒரு வருடத்தை அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

சொன்ன சொல் தவறாமல் கோபாலகிருஷ்ணனுக்குப் போன் செய்தாள்.

"விளக்கெண்ணெயா?" அவர் குரலில் உயிர் வந்துவிட்டது. "அது நம்ம ஊரு..."

"அங்கிள்! ஆமணக்கு எகிப்துலயே வெளையுது."

போனில் பெருமூச்சு ஒன்று கேட்டது. "அப்ப இதுல நம்ம பங்குன்னு ஒண்ணுமே இல்லையாம்மா?"

பாவமாக இருந்தது அவளுக்கு. "இருக்கு அங்கிள். தப்பு நம்மளுது. மத்தவங்க இதே மாதிரி ஏமாந்துறக் கூடாதுன்னு, நடந்தத ஒரு பக்கம் விவரமா எழுதியிருக்கேன். என் பேர்ல வருது."

"சாம்பிராணின்னு போட்டிருக்கியா? இல்ல ஏதோ புகைன்னு பொதுவா எழுதிட்டியா?"

"சாம்பிராணின்னுதான் போட்டிருக்கேன்."

"ஸ்பெல்லிங்க நான் ஒரு தடவ பாத்துடறேன், அனுப்பும்மா" என்றார் கோபாலகிருஷ்ணன்.